சோலையும் புல்லும்: நீலமலை மேட்டுநில வரலாறு குறித்து ஓர் ஆய்வு

உதகமண்டலத்திற்கு மேற்கே முக்கூர்த்தியை நோக்கிச் செல்வார் எவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். மலைமுகடுகளும் அவற்றின் சரிவுகளும் மரமின்றிப் புல் போர்த்துக் கிடக்கும். இரு சரிவுகள் கூடும் மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் சிறு சிறு காடுகள் செறிந்து நிற்கும். காட்டிற்கும் புல்லிற்கும் இடையே படிப்படியான மாற்றம் பெரும்பாலும் இல்லை. ஓரடி இப்பால் வெட்டவெளி. ஓரடி அப்பால் பட்டப்பகலிலும் இருள். கத்தி கொண்டு அரிந்தாற்போன்ற இவ்வெல்லையை வகுத்தது யாது என்னும் வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றது. விடை காண முயன்றோர் தாவர நூலாரும் வானிலை நூலாரும் மண்ணூலாரும் ஆவர். தமிழ்த்துறையார் இதனுள் புகுதற்கு உரிமை யாது என்று கேட்கப்படலாம். இரு காரணம் பற்றிப் புகுகின்றோம்.

முதலாவது, சொல் பற்றியது. அம்மலைக் காடுகளைக் குறிக்க உலகெங்கும் காட்டியல் நூலார் வழங்கும் பெயர் ‘சோலை’ என்னும் நம் தமிழ்ச் சொல்லே. ஆங்கில நூல்களுள் அது ‘ஷோலா’ எனத் திரிந்து வழங்குகின்றது. ஆயின் சோலையோடு ஒட்டிக் கிடக்கும் புல்வெளிக்கு அத்தகைய தனிச்சொல் ஒன்றும் அறிவியல் வழக்கினுள் ஏறவில்லை. பெயர் பெற்ற காடு காக்கப்படுதற்குரியதாயிற்று. பெயர் பெறாத புல் வெறுநிலமாயிற்று. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

இரண்டாவது, திணைக் கோட்பாடு பற்றியது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. வகுப்பறையில் இதனை நாம் ஓர் அட்டவணையாக எழுதிப் போடுகின்றோம். குறிஞ்சிக்கு இன்ன விலங்கு, இன்ன பறவை, இன்ன மரம் என மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அட்டவணையின் குறை யாதெனின், ஒரு கட்டத்தில் உள்ள பொருள் அடுத்த கட்டத்தில் உள்ள பொருளைத் தொடுவதில்லை. ‘கரு’ என்னும் சொல்லோ பிறப்பைக் குறிப்பது. நிலமும் பொழுதும் கூடிய இடத்துப் பிறப்பன கருப்பொருள் என்று கொள்ளின், அவற்றிடையே உறவு இருந்தே தீரும். அவ்வுறவு மெய்யான ஒரு மலையில் எங்ஙனம் இயங்குகின்றது என்று காண்டல் திணை நூல் கற்பார்க்குப் பயன்படும் என்று கருதுகின்றோம். சங்கப் பாடல்கள் நீலமலையைப் பாடின என்று யாம் கூறவில்லை. சிலப்பதிகாரம் சுட்டும் நீலகிரி இம்மலைதானா என்பதும் வேறு வழக்கு. அதனுள் ஈண்டுப் புகவில்லை.

இனி நிலத்தைக் காண்போம். நீலமலையின் மேல்தளம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடப்பது. அதன் முடியாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் ஆகிய இரண்டும் இதற்கு நீர் வழங்குகின்றன. மேற்கு விளிம்பில் மழை மிக மிகுதி. கிழக்கே செல்லச் செல்லக் குறையும். கார்த்திகைக்குப் பின் வானம் தெளியும். அப்பொழுதுதான் உறைபனி இறங்குகின்றது. வெப்ப நாட்டுள் உறைபனி காணும் இடங்கள் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

தெளிந்த இரவில் நிலம் தன் வெம்மையை வானிற்கு விடுத்துக் குளிர்கின்றது. குளிர்ந்த காற்று கனத்து, சரிவு வழியே இறங்கிப் பள்ளங்களில் தேங்குகின்றது. வெட்டவெளிப் புல்லின்மேல் வெப்பம் நீர் உறையும் நிலைக்குக் கீழே செல்லும். மரச்செறிவின் உள்ளே அங்ஙனம் நிகழ்வதில்லை. இலைக்கூரை போர்வை போல நின்று வெம்மையைத் தடுத்து நிறுத்துகின்றது. சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும், அம்முளையின் குருத்து நுனியில் உள்ளது. உறைபனி அந்நுனியைக் கருக்கிவிடும். புல்லின் வளர்முனையோ தரையோடு தரையாக, பழைய தாள்களின் அடியில் மறைந்திருப்பது. மேலே கருகினும் அடியிலிருந்து தளிர்க்கும். தீ வந்தாலும் அங்ஙனமே. மாசி பங்குனியில் காய்ந்த புல் பற்றி எரியும்போது சோலையின் விளிம்பு வரை தீ வரும். ஈரமும் நிழலும் மிக்க சோலையுள் அது நுழைதல் அரிது. காட்டுப்பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான் ஒன்றே இரண்டையும் தாங்கிப் புல்வெளியின் நடுவே தனித்து நிற்க வல்லது. பிற மரமில்லாத சரிவில் அதன் செம்பூக்கள் தொலைவிலிருந்தே தெரியும்.

எனவே சோலை தன்னைத் தானே காக்கின்றது. மரம் நிற்பதனால் குளிர் குறைகின்றது. குளிர் குறைவதனால் மரக்கன்று பிழைக்கின்றது. புல்லும் தன்னைத் தானே காக்கின்றது. மரமின்மையால் குளிர் மிகுகின்றது. குளிர் மிகுவதனால் மரம் வாராது. ஒரே மழை, ஒரே மண், ஒரே உயரம் உள்ள இடத்தில் இரு வேறு நிலைகள் அருகருகே நெடுங்காலம் நிலைத்திருத்தற்குக் காரணம் இதுவே. நிலமும் பொழுதும் உயிர்களை ஆக்குகின்றன என்பது பாதி உண்மை. உயிர்கள் தாம் நிற்கும் இடத்து நிலத்தையும் பொழுதையும் மாற்றிக்கொள்கின்றன என்பது மறுபாதி. சோலையுள் நிலவும் மார்கழி இரவும் பத்தடி அப்பால் புல்லின்மேல் நிலவும் மார்கழி இரவும் ஒன்றல்ல.

குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுதாகவும் யாமம் சிறுபொழுதாகவும் கூறப்படுவது யாவரும் அறிந்ததே. உரையாளர்கள் இதனைப் புணர்ச்சியாகிய உரிப்பொருளுக்கு ஏற்ற பொழுது என்று விளக்குவர். அவ்விளக்கம் பொருந்துவதே. எனினும், உயர்மலையில் மரம் எங்கே நிற்கும், புல் எங்கே கிடக்கும் என்பது முடிவாகும் பொழுதும் முன்பனிக் காலத்து நள்ளிரவை ஒட்டியதே என்பதை யாம் குறிக்காமல் விடுதற்கில்லை. தொல்காப்பியர் உறைபனியின் இயல்பை இன்றைய நூலார் போல அறிந்திருந்தார் என்பதன்று எம் கருத்து. மலையின் தனித்தன்மை எப்பொழுதில் வெளிப்படும் என்பதை மரபு கண்டிருந்தது, அவ்வளவே.

இக்குளிர்க் காரணத்தை முதன்முதல் வலியுறுத்தியோருள் ஒருவர் காட்டுத்துறை அறிஞர் சி. ஆர். ரங்கநாதன். 1938-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில் சோலையும் புல்வெளியும் இரண்டுமே இயற்கையின் முடிந்த நிலைகள் என்று நாட்டினார். அதே ஆண்டில் என். எல். போர் என்னும் தாவர நூலார் இதனை மறுக்கும் கருத்தை முன்வைத்தார். இம்மலை முழுதும் ஒரு காலத்தில் சோலையாகவே இருந்தது என்பதும், மக்கள் இட்ட தீயும் கால்நடை மேய்ச்சலுமே அதனைப் புல்லாக்கின என்பதும் அவர் கொள்கை. இருவர் கூற்றும் வெறும் நூற்பூசல் அல்ல. போர் கூறியது மெய்யாயின், புல்வெளி ஓர் அழிவின் எச்சம். அதன்மேல் மரம் நடுதல் பழைய நிலையை மீட்டலாகும். ரங்கநாதன் கூறியது மெய்யாயின், புல்வெளியில் மரம் நடுதலே அழிவு. எக்கொள்கை மேலோங்குகின்றதோ அதற்கேற்ப ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தின் விதி அமைந்தது.

போரின் கொள்கை எளிதில் தள்ளற்பாலதன்று. தீ மேய்ந்த சரிவுகளில் சோலை பின்வாங்கியதற்குச் சான்றுகள் உள. சோலைகள் நிற்பது மடிப்புகளில். குளிர்காற்று தேங்குவதும் தாழ்விடங்களில். குளிர் ஒன்றே காரணமாயின் மடிப்புகளில் அல்லவோ மரம் இல்லாதிருத்தல் வேண்டும்? இவ்வினாவிற்குக் குளிர்க் கொள்கையார் கூறும் விடை, மடிப்புகளில் நீரும் ஆழ்ந்த மண்ணும் காற்றின் ஒதுக்கமும் தீயின் தடையும் உள்ளன என்பது. அகன்ற பள்ளத்தாக்கின் அடிமட்டத்தில் சோலை இல்லாது சதுப்பே கிடத்தலையும் அவர்கள் காட்டுவர். ஆகவே ஒரு காரணத்தால் முடிவு செய்யக்கூடிய வழக்கு இஃதன்று. பனி, தீ, நீர், மேய்ச்சல் ஆகிய நான்கும் கூடி வகுத்த எல்லை இது என்றே கொள்ளத்தகும். எனினும் அந்நான்கனுள் எது மூத்தது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

அதற்கு விடை அச்சதுப்புகளுள்ளேயே புதைந்து கிடந்தது. மலைப் பள்ளங்களில் புல்லும் கோரையும் மடிந்து, குளிரினாலும் நீர்த்தேக்கத்தினாலும் முற்றும் மக்காமல், அடுக்கடுக்காகப் படிந்து கரிய மண்ணாகின்றன. கீழடுக்கு பழையது, மேலடுக்கு புதியது. வெப்பப் புல்லினங்களும் மரங்களும் காற்றிலுள்ள கரியைத் தம் உடலில் சேர்க்கும் முறை வேறு வேறானது. ஆதலின் கரியின் இருவகை அணுக்கள் அவற்றில் வேறு வேறு விழுக்காட்டில் அமைகின்றன. மண்ணடுக்கில் அவ்விழுக்காட்டை அளந்தால், அவ்வடுக்கு படிந்த காலத்தில் சூழ இருந்தது பெரும்பாலும் புல்லா மரமா என்பது புலனாகும். இம்முறையில் ஆர். சுகுமார் முதலியோர் நீலமலைச் சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் பெரும்பனிக் காலத்தில், இம்மலை வறண்டு புல் மிக்கிருந்தது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் மழை உச்சநிலை எய்தி மரங்கள் பெருகின. 6,000-க்கும் 3,500-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முன் மீண்டும் வறட்சி வர, மீண்டும் புல் பரவியது.

இதனால் இரண்டு பெறப்படுகின்றன. புல் இம்மலைக்கு மனிதன் கொணர்ந்ததன்று. மேல்தளத்தில் மாந்தர் எருமை மேய்த்ததற்குச் சான்று கிடைக்கும் காலத்திற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே அது இருந்தது. மற்று, சோலைக்கும் புல்லிற்கும் இடைப்பட்ட எல்லை என்றும் ஒரே இடத்தில் நின்றதுமன்று. மழையோடு முன்னும் பின்னும் நகர்ந்தது. இன்னின்ன சரிவு இன்னின்ன காலத்தில் தீயால் புல்லாயிற்று என்று போர் கொள்கையினர் கூறுவதை இச்சான்று முற்றும் மறுத்துவிடாது. மலை முழுதும் முன்பு சோலை என்னும் பொதுக்கூற்றை மட்டுமே அது வீழ்த்துகின்றது. அதுவே போதுமானது.

இனி, விலங்குகள். புல்வெளிக்கே உரிய பெருவிலங்கு வரையாடு. தென்னிந்திய மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை. செங்குத்தான பாறையை அடுத்த திறந்த புல்வெளியே அதன் வாழிடம். வெளியில் மேயும், புலியோ செந்நாயோ சிறுத்தையோ வருவது கண்டால் பாறை விளிம்பிற்குத் தாவும். அதற்கு இரண்டு வேண்டும்: தொலைவு தெரியும் வெளி, ஓடிச் சேரப் பாறை. இடையில் மரமும் புதரும் செறியின், வேட்டை விலங்கு மறைந்து வர இடமாகும். ஆதலின் வரையாடு அவ்விடத்தை விட்டு நீங்கும். புல் குறைந்தால் மட்டுமன்றிப் பார்வை குறைந்தாலும் அதன் வாழ்வு குறைகின்றது. கடமானோ இரு நிலத்தையும் ஆள்வது. பகலில் சோலையில் ஒடுங்கி, மாலையில் புல்லிற்கு வருவது. சோலையுள் வாழும் பறவைகள் நாவலினம் முதலிய மரங்களின் கனிகளை உண்டு விதைகளைப் பரப்புகின்றன. நெட்டைக்காலி என்னும் சிறு குருவியின் நீலமலை இனமோ புல்லை விட்டு மரத்திற்குச் செல்லாது, புல்லினுள்ளே கூடு கட்டுவது.

வரையாட்டைச் சங்க இலக்கியம் ‘வருடை’ என்று வழங்குகின்றது என்பர். குறுந்தொகை 187-ஆம் பாட்டில் தாயின் பாலை நிறைய உண்ட வருடைக் குட்டி பெருமலையின் நிழலில் துள்ளித் திரிவதாக ஒரு காட்சி வருகின்றது. கண்டவர் கூற்று என்பது படித்த அளவில் விளங்கும். பிற்கால அகராதி வழக்கிலோ வருடைக்கு மலையாடு என்ற பொருளோடு எட்டுக்கால் உடைய சரபம் என்ற பொருளும் சேர்ந்துவிட்டது. இம்மாற்றம் எங்ஙனம் நேர்ந்தது? சமவெளியில் ஏடு எழுதியோர் அவ்விலங்கைக் கண்டிலர். பாறையினின்று பாறைக்கு அது பாயும் செய்தி மட்டும் செவிவழி வந்திருக்கலாம். அப்பாய்ச்சலுக்கு நான்கு கால் போதா என்று கருதினர் போலும். இஃது எம் ஊகமே. ஆயினும் ஒரு விலங்கு கண்ணுக்கு மறைந்தால் அதன் பெயர் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

மேல்தளத்து மாந்தருள் தோடர் முதன்மையானவர். ஓய்சள மன்னன் விட்டுணுவர்த்தனனின் தண்டநாயகன் புணிசனைப் பற்றிய 1117-ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு, அவன் தோடரை அச்சுறுத்தியதையும் நீலமலையைக் கைக்கொண்டதையும் கூறுகின்றது. எனவே ஒன்பது நூற்றாண்டுகளாகவேனும் அவர்கள் அங்குள்ளனர். அதற்கு முன்னும் இருந்திருத்தல் வேண்டும். மலைமுகடுகளில் காணும் பழைய கற்குவைப் புதைகுழிகளில் எருமை உருவம் அமைந்த மண்கலங்கள் கிடைத்துள்ளன. அவற்றை இட்டோர் தோடரின் முன்னோரா அல்லரா என்பது முடிவுபெறாத வழக்கு.

தோடர் வாழ்வு எருமையைச் சுற்றி அமைந்தது. அவர்தம் கோயில் பால்மனையே. பூசகர் அதன் பாற்பணி புரிபவரே. 1906-இல் டபிள்யூ. எச். ஆர். ரிவர்சு எழுதிய பெருநூலின் பெரும்பகுதி இப்பால்மனைச் சடங்குகளை விரிப்பது. தோடரின் குடியிருப்பு ‘மந்து’ எனப்படும். உதகமண்டலத்தின் ஆங்கில வழக்குப் பெயரின் ஈற்றில் நின்றதும் அச்சொல்லே. தமிழில் மன்று, மந்தை என்னும் சொற்களோடு அதனை உறவுபடுத்திக் காண இடமுண்டு. மக்கள் கூடும் இடமும் மாடு கூடும் இடமும் ஒரு சொல்லால் வழங்கப்பெறுதல் ஆயர் வாழ்வின் இயல்பு.

எருமை மேய்ச்சலால் புல் குட்டையாகவும் இளமையாகவும் நிற்கும். தோடர் உரிய பருவத்தில் காய்ந்த புல்லிற்குத் தீயிடுவர். மழை வந்ததும் புதுத்தளிர் எழும். சிறுதீ அடிக்கடி வருமிடத்துப் பெருந்தீ வாராது. கோயிற் கூரை வேய அவர்கள் கொள்ளும் புல் சதுப்பில் வளரும் தனியினம். தென்னாட்டுப் புல்லினங்களை ஆராய்ந்து 1921-இல் நூலெழுதிய கா. ரங்காச்சாரியாரின் பெயரால் தாவர நூலார் அதனை வழங்குகின்றனர். சதுப்பு வற்றினால் அப்புல் இல்லை; புல் இல்லையேல் கோயில் வேய்தல் இல்லை. திணை அட்டவணையில் தெய்வம் என்ற கட்டமும் நிலம் என்ற கட்டமும் எத்துணை நெருங்கியவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று யாம் அறிந்திலம்.

திணை நூலார்க்கு இங்கே ஓர் இடர்ப்பாடும் உண்டு. மலையாதலின் இது குறிஞ்சி. ஆநிரை போல எருமை நிரை மேய்த்தலே தொழிலாதலின் முல்லை. நிலம் ஒன்றாக, கருப்பொருள் மற்றொன்றாக நிற்கும் இதனைத் திணைமயக்கம் என்று சொல்லி அமைதல் எளிது. மயக்கம் என்பது விதிக்கு நேர்ந்த விலக்கு என்று நாம் கற்பிக்கின்றோம். சோலையும் புல்லும் பின்னிக் கிடக்கும் மேட்டுநிலத்தில் மயக்கமே இயல்பு. குறிஞ்சிப் பூவைத் தரும் செடியைக் காண்க. அது சோலையின் இருளில் வளர்வதன்று. பெரும்பாலும் திறந்த சரிவில், புல்லின் நடுவே வளர்வது. பன்னிரண்டு ஆண்டிற்கு ஒருமுறை மலை முழுதும் ஒருங்கே பூத்து, விதை உதிர்த்து மடிவது. குறுந்தொகை 3-ஆம் பாட்டு இப்பூவினின்று தேனெடுக்கும் மலைநாட்டைச் சுட்டுகின்றது. பூவையும் வண்டையும் மலையையும் ஒரே தொடரில் பிணைத்து நோக்கும் பார்வை அங்கே உளது. மலைத்திணை தன் பெயரைப் பெற்றது காட்டு மரத்தினின்று அன்று, புல்வெளிச் செடியினின்று என்பதை ஆய்வாளர் உளங்கொளல் வேண்டும்.

1819-இல் கோவை மாவட்ட ஆட்சியர் சான் சல்லிவன் இம்மலை ஏறினார். அதன்பின் நேர்ந்தவற்றுள் ஊரும் சாலையும் மாளிகையும் எழுந்த செய்தியைப் பலர் எழுதியுள்ளனர். எமக்கு வேண்டுவது விறகு. குளிர்நாட்டினின்று வந்த குடியேறிகள் ஆண்டு முழுதும் அடுப்பெரித்தனர். ஊரைச் சூழ்ந்த சோலைகள் விரைந்து அழிந்தன. வெட்டுண்ட சோலை மீண்டும் எழுவது மிக அரிது; கூரை போனால் உறைபனி உள்ளே இறங்கும் அன்றோ? ஆகவே விரைந்து வளரும் மரங்களைத் தேடினர். ஆசுதிரேலியாவினின்று வாட்டில் மரங்களும், 1843-ஐ ஒட்டி யூகலிப்டசும் கொணரப்பட்டன. முன்னதை இன்று மலைமக்கள் சீகை என்றும், பின்னதைக் கற்பூர மரம் என்றும் வழங்குவர். இம்மரங்களை நடுதற்கு இடம்? சோலையை வெட்டியதால் நேர்ந்த குறைக்குப் புல்வெளி ஈடு செய்ய வேண்டியதாயிற்று.

புல்வெளி அவர்கள் கண்ணுக்குப் பாழ்நிலமாகத் தோன்றியது. மரமில்லை, பயிரில்லை, வரி வரவில்லை. பாழ்நில விற்பனை விதிகள் 1863-இல் வகுக்கப்பட்டன. தோடர்க்கு அந்நிலத்தில் உரிமை உண்டு என்று சல்லிவன் வாதாடியதும், 1827 முதல் 1832 வரை சென்னை ஆளுநராயிருந்த லஷிங்டன் அதற்கு மாறாக நின்றதும் அக்கால ஆவணங்களில் காணப்படும். சல்லிவனைப் பெரிதும் புகழ்வாரும் இகழ்வாரும் உளர். இந்த ஒரு வழக்கில் அவர் நிலைப்பாடு நேரியது என்றே கருதுகின்றோம். புல்வெளி பாழ் அன்று, ஒரு மக்கட் கூட்டத்தின் மேய்ச்சல் நிலம் என்று அவர் கண்டார்.

விடுதலைக்குப் பின்னும் நோக்கு மாறவில்லை. தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டையும், செயற்கைப் பட்டுக்கும் காகிதத்திற்கும் மரக்கூழும் வேண்டப்பட்டன. அவலாஞ்சி, மேல்பவானி முதலிய நீர்த்தேக்கங்கள் பள்ளத்தாக்குப் புல்வெளிகளையும் சதுப்புகளையும் மூழ்கடித்தன. நாட்டிற்கு மின்னாற்றல் வேண்டியிருந்தது. அதனைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று. ஆயினும் அக்கணக்கில் புல்லின் விலை எழுதப்படவேயில்லை.

பின்னர் நேர்ந்ததே ஆராயத்தக்கது. சோலை மரம் பல்லாயிரம் ஆண்டுகளில் கடக்க முடியாத எல்லையை வாட்டில் எங்ஙனம் கடந்தது? அட்டுல் சோசி, செயசிறீ ரத்னம், மகேசு சங்கரன் ஆகியோர் நீலமலையில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2020-இல் வெளிவந்தன. சோலை மரங்களின் கன்றுகளையும் கருஞ்சீகையின் கன்றுகளையும் புல்வெளியில் வளர்த்துப் பார்த்தனர். உறைபனி சோலைக் கன்றுகளைக் கொன்றது. சீகைக் கன்றுகளோ பெரும்பாலும் பிழைத்தன. எல்லையைக் காத்த காவலன் ஒருவனே. அவன் உள்ளூர் மரத்தைத் தடுத்தான், அயல்மரத்தை அறிந்திலன். உலகம் வெம்மையுற்று இரவுக் குளிர் தணியுமாயின் அக்காவலும் தளரும் என்பது அவ்வாய்வின் மற்றொரு முடிவு.

புகுந்த பின் சீகை செய்வன பல. தன் வேரில் வாழும் நுண்ணுயிர்களால் காற்றின் நைட்ரசனை மண்ணில் சேர்க்கின்றது. புல்லிற்குப் பழகிய வறிய மண் மாறுகின்றது. நிழலால் புல் மடிகின்றது. அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடக்கும். தீ பட்டால் ஒருங்கே விழிக்கும். புல்லைப் புதுப்பித்த அதே தீ, இப்பொழுது புல்லின் பகைவனுக்கு ஏவல் செய்கின்றது. தோடரின் எருமைகளும் குறைந்துவிட்டன. இளங்கன்றை மிதிக்கவும் கடிக்கவும் ஆள் இல்லை. ஒன்று மாறின் மற்றவற்றின் பொருளும் மாறிவிடும் என்பதற்கு இதனைக் காட்டலாம். தீ அதே தீயே. சூழல் வேறாயிற்று, விளைவும் வேறாயிற்று.

நீரும் மாறியது. உதகமண்டலத்து மண்வள நீர்வளக் காப்பு ஆராய்ச்சி மையத்தார் அருகருகே அமைந்த இரு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டனர். ஒன்றில் கற்பூர மரம் நட்டு, மற்றொன்றை இயல்பாக விட்டனர். மரம் நட்ட பகுதியில் நீர்வரவு முதற்சுற்றில் ஏறத்தாழ 16 விழுக்காடும், வெட்டித் தழைத்த அடுத்த சுற்றில் ஏறத்தாழ 25 விழுக்காடும் குறைந்தது. பவானியும் பைக்காராவும் தொடங்கும் மலையில் இஃது அற்பச் செய்தியன்று. சமவெளியில் மரம் மழையைக் கொணரும் என்று பள்ளிப் பருவம் முதல் கேட்டு வந்த நமக்கு, மரம் நட்டதால் ஓடை மெலிந்தது என்னும் கூற்று முதலில் நம்ப அரிதாகவே தோன்றும்.

பழனி மலையிலும் இதே கதை. 1973-க்கும் 2014-க்கும் இடையே எடுத்த வானொளிப் படங்களை ஆராய்ந்தோர், அங்கே உயர்மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மறைந்துவிட்டதாக 2018-இல் கண்டு கூறினர். சோலையின் பரப்பில் அத்துணை இழப்பு இல்லை. பெயர் பெற்றது பிழைத்தது என்று யாம் முன்னர்க் குறித்ததை இதனோடு இயைத்து நோக்குக.

இனி, அயல்மரத்தை வெட்டியெறிந்தால் புல் மீளும் என்பாரும் உளர். அத்துணை எளிதன்று. வெட்டியவுடன் உறங்கிய விதைகள் எழும். ஆண்டுதோறும் பிடுங்கியாக வேண்டும். மேலும், பழைய தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலை மரங்களின் கன்றுகள் முளைத்து வளர்தலைப் பழனி மலையில் கண்டுள்ளனர். பறவை விதை கொணர, அயல்மரம் பனியைத் தடுக்க, சோலை தான் முன்பு நில்லாத இடத்தில் எழுகின்றது. அதனை வெட்டுவதா, விடுவதா? புல்வெளியின் பக்கம் நிற்போர் வெட்டுக என்பர். காட்டின் பக்கம் நிற்போர் விடுக என்பர். எம் கருத்து, சீகை புதிதாகப் பரவிவரும் விளிம்புகளிலும் வரையாடு திரியும் முகடுகளிலும் முதற்கண் கை வைத்தல் தக்கது. முதிர்ந்த தோட்டத்துள் சோலை எழுந்த இடத்தை அவசரப்பட்டுத் தொடுதல் தக்கதன்று என்பதே. அயல்படர் செடிகளை நீக்குதற்கெனத் தமிழ்நாட்டரசு 2022-இல் ஒரு கொள்கையை வகுத்தது. வரையாட்டைக் காக்கும் தனித்திட்டமும் அக்காலத்தே தொடங்கிற்று. 2024-இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் எண்ணப்பட்டன.

தமிழ்த்துறையார் செய்யத்தக்க பணியும் உண்டு. மலைவாழ் மக்கள் புல்வகைக்கும் சதுப்பிற்கும் சரிவிற்கும் வழங்கும் சொற்கள் இன்னும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. தோடர் மொழியிலும் கோத்தர், படகர், இருளர், குறும்பர் மொழிகளிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. எமனோ 1971-இல் வெளியிட்ட தோடர் பாடல் தொகுதியில் இடப்பெயர்களும் எருமைப் பெயர்களும் ஓடைப் பெயர்களும் மலிந்துள்ளன. அவற்றை இன்றைய நில வரைபடத்தோடு ஒப்பிட்டால், எந்தச் சரிவு முன்பு புல்லாக இருந்தது, எந்த ஓடை முன்பு வற்றாது ஓடியது என்பதற்குச் சான்று கிடைக்கலாம். சதுப்பு மண்ணின் அடுக்குகளைப் படித்தவர்கள் தம் பங்கைச் செய்துவிட்டனர். சொற்களின் அடுக்குகள் நம் பங்கு. குறிஞ்சி இறுதியாகப் பெருமலர்ச்சி கண்டது 2018-இல். அடுத்த மலர்ச்சி 2030-இல் வரும். அதற்குள் இத்தொகுப்பைத் தொடங்கி முடித்தல் இயலும். அப்பாடல்களில் வரும் இடங்களுக்கு நேரே சென்று, பூ நிற்கும் சரிவுகளையும் பூ நில்லாது போன சரிவுகளையும் பெயரோடு குறித்து வருதலும் இயலும்.